பதினேழாவது புள்ளி

மரம், காடு, நடை, பாலம், நிறம், பொருத்தம். கணிதத் துறையின் புதன்கிழமை உரைகளுக்கு அறிவிப்பு அடிக்கும்போது சுமதியின் கண்ணில் அடிக்கடி படும் சொற்கள் இவை. ஆங்கிலத்தில்தான் வரும். மனதுக்குள் போனதும் தமிழாகிவிடும். இருபது முப்பது பேர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் ஏதோ காட்டில் நடந்து, பாலம் கடந்து, நாலு மணிக்கு டீ குடிக்க வெளியே வருகிறார்கள் என்று அவளாகவே ஒரு சித்திரம் வைத்திருந்தாள். பதினோரு வருடமாக அந்த அலுவலகத்தில் இருக்கிறாள். ஒரு உரையையும் உட்கார்ந்து கேட்டதில்லை.

சுமதியின் அப்பா தஞ்சாவூரிலிருந்து ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அவள் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் அந்தக் குடியிருப்பில்தான். கணவன் பத்ரிக்கும் அதே தொழிற்சாலையில் வேலை, தரப் பரிசோதனைப் பிரிவில். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. செவ்வாய், வியாழன், சனி காலைகளில் செகந்திராபாத் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். விடியும் முன்பே கிளம்பி லிங்கம்பள்ளியில் ரயிலேற வேண்டும். சுமதி கூடவே போவாள். நாலு மணி நேரம் அவன் படுக்கையருகே உட்கார்ந்திருந்துவிட்டு, அவனை வீட்டில் விட்டபின் அலுவலகம் வருவாள். இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் அவளுக்குத் தூக்கமும் விழிப்பும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நடக்கும்போது ஒரு கனவு நூலிழை மாதிரி கூடவே வரும்.

தன் சிறுநீரகத்தைக் கொடுக்க அவள் முதல் நாளே தயாராக இருந்தாள். ஆனால் பத்ரி பி குரூப், அவள் ஏ. மகள் ரஷ்மியும் ஏ. பொருந்தாத தம்பதிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பட்டியல் ஒன்று இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அது ஆகிப் பத்து மாதம். அழைப்பு எதுவும் வரவில்லை.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, அந்த வார உரையின் தலைப்பை அடித்துக்கொண்டிருந்த சுமதியின் விரல்கள் நின்றன. பேசப்போவது துறையில் புதிதாகச் சேர்ந்த தாரிணி. கோயம்புத்தூர்க்காரி, முப்பத்துமூன்று வயது. தலைப்பு, சிறுநீரகப் பரிமாற்றத்தில் சுற்றுகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி.

புதன்கிழமை அறையைத் திறந்து புரொஜெக்டரைப் பார்த்துவிட்டு வழக்கம்போல வெளியே போகாமல், கடைசி வரிசையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். துறைத் தலைவர் புருஷோத்தமன் திரும்பிப் பார்த்தார். வெளியே பாறைகள் மேல் மேகம் இறங்கியிருந்தது. எங்கோ மயில் கத்தியது.

தாரிணி திரையில் இருபத்துநான்கு புள்ளிகளைக் காட்டினாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஜோடி என்றாள்: ஒரு நோயாளி, அவருக்காகக் கொடுக்க முன்வந்திருக்கும் ஒருவர். இந்த ஜோடியில் கொடுப்பவரின் சிறுநீரகம் அந்த ஜோடியின் நோயாளிக்குப் பொருந்துமானால் இங்கிருந்து அங்கே ஒரு அம்பு. அம்புகள் வழியே போய்க் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் அது ஒரு சுற்று. சுற்றில் இருக்கும் எல்லோருக்கும் கிடைத்துவிடும். ஆனால் இரண்டு அல்லது மூன்று ஜோடிக்கு மேல் போகக் கூடாது. எல்லா அறுவை சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும், நடுவில் ஒருவர் மனம் மாறினால் மற்றவர் தவித்துப்போவார். ஒரு புள்ளி ஒரு சுற்றில்தான் இருக்கலாம். இந்த நிபந்தனைகளோடு அதிகபட்சம் எத்தனை புள்ளிகளைச் சுற்றுகளுக்குள் கொண்டுவரலாம்?

சுமதிக்குப் புரிந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். பிறகு வந்த சூத்திரங்கள் மழைச்சாரல் போல மேலே பட்டுப் போயின. கண் சொக்கியது. சொக்கிய கண்ணுக்குள் புள்ளிகள் திரையைவிட்டு மிதந்து வந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சில்லை. எல்லோரும் ஏதோ பிளாட்பாரத்தில் காத்திருப்பதுபோல இருந்தது. அம்புகள் சன்னமான வெளிச்சமாக ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஓடின.

"பதினாலு," என்ற தாரிணியின் குரலில் கண் திறந்தாள். திரையில் சில சுற்றுகள் பச்சையாக மாறியிருந்தன. "இருபத்துநாலுல பதினாலு ஜோடிக்குக் கிடைக்குது. இதுக்கு மேல முடியாதுன்னு நிரூபிச்சாச்சு. இதுதான் உச்சம்."

மீதிப் பத்துப் புள்ளிகள் சாம்பல் நிறத்தில் நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு எழுத்துகள், மேலே நோயாளியின் குரூப், கீழே கொடுப்பவருடையது. பதினேழாவது புள்ளியில் மேலே பி, கீழே ஏ. சாம்பல் நிறம்.

ஆறாவது புள்ளியிலும் அதே பி, அதே ஏ. அது பச்சைக்குள் இருந்தது. இரண்டாவது, ஆறாவது, பதினோராவது மூன்றும் ஒரு சுற்று. சுமதி எழுந்து கொஞ்சம் முன்னால் வந்து பார்த்தாள். இரண்டிலிருந்து பதினேழுக்கும் ஒரு அம்பு இருந்தது. பதினேழிலிருந்து பதினொன்றுக்கும் இருந்தது.

கேள்விகள் உண்டா என்று புருஷோத்தமன் ஆங்கிலத்தில் கேட்டார். யாரோ வேகத்தைப் பற்றிக் கேட்டார்கள். யாரோ சுற்றின் நீளத்தைப் பற்றிக் கேட்டார்கள். அப்புறம் சுமதி தன் கை மேலே இருப்பதைப் பார்த்தாள்.

"ஆறும் பதினேழும் ஒரே மாதிரிதானே இருக்கு மேடம்," என்றாள். தமிழில் பேசிவிட்டோம் என்று பாதியில்தான் உறைத்தது. ஆங்கிலத்துக்கு மாறினாள். "ஆறை எடுத்துட்டுப் பதினேழை வெச்சாலும் பதினாலுதானே வரும்? அப்போ ஏன் ஆறு உள்ள, பதினேழு வெளில?"

தாரிணி திரையைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டிலிருந்து விரலை எடுத்துப்போய்ப் பதினேழில் வைத்தாள், அங்கிருந்து பதினொன்றுக்கு.

"ஆமா," என்றாள். "பதினாலேதான் வரும்."

"அப்போ ஏன்?"

"கம்ப்யூட்டர் முதல்ல கிடைச்ச உச்சத்தோட நின்னுடும். ஆறாவது ஜோடியை முதல்ல ஏத்தியிருக்கோம். அதனால. வேற காரணம் இல்லை."

டீ வந்தது. எல்லோரும் கோப்பையோடு தாழ்வாரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது தாரிணி அலுவலக அறைக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க எதுக்குங்க அதைக் கேட்டீங்க?"

சுமதி சொன்னாள். பத்ரியை, பி-யை, ஏ-யை, பத்து மாதத்தை. தாரிணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் பதினேழு நாங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க்கா. ஏப்ரல் மாசப் பட்டியல்தான் அது, நிஜப் பட்டியல். பேரெல்லாம் எடுத்துட்டு நம்பரையும் கலைச்சுதான் எங்களுக்குக் கொடுப்பாங்க. இதுவரைக்கும் நாங்க செஞ்சது ஒத்திகை. இதை வெச்சு யாரையும் கூப்பிடலை. அக்டோபர்லதான் ஆஸ்பத்திரிக்காரங்க நிஜமாப் பயன்படுத்தப் போறாங்க."

"அப்போ ஆறாவும் இருக்கலாம்."

"ஆறாவும் இருக்கலாம். அந்தப் படத்துலயே இல்லாமலும் இருக்கலாம். நான் காட்டினது பட்டியல்ல ஒரு பகுதிதான்."

மறுநாள் வியாழக்கிழமை. ரயில் சனத்நகரைத் தாண்டும்போது பத்ரி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வெயில் இன்னும் ஏறவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளின் மொட்டைமாடிகளில் மனிதர்கள் ஒவ்வொருவராகத் தெரிந்தார்கள், பல் துலக்கிக்கொண்டும் துணி உலர்த்திக்கொண்டும். இவர்களில் யாரோ இரண்டு பேர் ஆறு, யாரோ இரண்டு பேர் பதினேழு என்று சுமதிக்குத் தோன்றியது. ரயில் அவர்களை எல்லாம் மெதுவாகத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டே போனது. தான் எந்தப் புள்ளி என்று தெரியாமல் அப்படி மிதந்துபோவது அந்தக் காலையில் அவளுக்குப் பயமாக இல்லை.

டயாலிசிஸ் படுக்கையில் பத்ரியிடம் சொன்னாள்.

"கைக்கு?" என்று ஊர் இந்தியில் ஆரம்பித்தான். "நீ எதுக்கு அங்க போய் எழுந்து நின்னு கேள்வியெல்லாம் கேக்கறே?" என்று சிரித்தான். உதடு வறண்டிருந்தது.

"தோணித்து, கேட்டேன்."

"நல்ல கேள்விதான். எங்க பிரிவில ரெண்டு பீஸும் ஒரே அளவு, ஒரே தரம். ஒண்ணை எடுத்துண்டு ஒண்ணைத் தள்ளினா, ஏன்னு ரிப்போர்ட்ல எழுதியாகணும். முதல்ல கைக்கு வந்ததுன்னு எழுத முடியாது."

பத்து நாள் கழித்துத் தாரிணி மறுபடி வந்தாள். கண்ணில் தூக்கமில்லை.

"எண்ணிப் பார்த்தேங்க்கா. அதே பட்டியல்ல பதினாலு ஜோடிக்குக் கொடுக்க முப்பத்தெட்டு வழி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் வெளிய நிக்கறவங்க வேற. நான் உச்சம் உச்சம்னு ஒண்ணைத்தான் பார்த்துட்டு இருந்திருக்கேன்." கதவு பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரில பட்டியலைப் பார்த்துக்கறது ஸ்மிதான்னு ஒருத்தங்க. நல்லாப் பழக்கம். உங்க ஜோடி எந்த நம்பர்னு கேட்டா சொல்லுவாங்க. அக்டோபர்லயும் இப்படி வர்ற வழிகள்ல எதை எடுக்கணும்னு நான்தான் எழுதறேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் தெரியாது. பதினாலு பதினாலுதான்."

மேஜைமேல் அந்த வார அறிவிப்பு காய்ந்துகொண்டிருந்தது, அச்சு மை சுமதியின் விரலில் ஒட்டியது. பத்ரியின் கையில் ஊசி குத்தும் இடம் புடைத்து நீலமாக இருப்பது கண்முன் வந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நக்கோ, வேண்டாம்," என்றாள். "கேக்காதே. நான் ஆறா பதினேழான்னு எனக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அப்புறம் என்னால நியாயமா யோசிக்க முடியாது."

"சரி, அப்போ எதை வெச்சு எடுக்கறது? சீட்டுக் குலுக்கிப் போடலாமா?"

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நான் செமினார் ரூம் கொடுக்கறதைத்தான் சொல்ல முடியும். ரெண்டு பேர் ஒரே நேரத்துக்குக் கேட்டா, போன தடவை யாருக்குக் கிடைக்கலையோ அவாளுக்குக் கொடுப்பேன். அதுக்கு ஒரு நோட்டு வெச்சிருக்கேன்."

தாரிணி அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள். வாசலில் நின்றபடியே நாலு பக்கம் படித்தாள்.

"விட்டுப்போன தடவையெல்லாம் ஒவ்வொருத்தருக்கும் எடையாச் சேரும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு முற்பகல், ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்மிதா கூப்பிட்டாள். மூன்று ஜோடிகளின் சுற்று ஒன்றில் பத்ரியும் சுமதியும் வந்திருக்கிறார்கள். பரிசோதனைகள் பாக்கி. சுமதி போனை வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து நின்றாள். பாறைகள், புல், வெயில் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஆடின.

உறுப்பு மாற்று அனுமதிக் குழுவின் முன்னால் மூன்று குடும்பங்களும் முதல்முறையாகச் சந்தித்தன. முகமது யூசுப் காயல்பட்டினத்துக்காரர், மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. ஓ குரூப். அவர் மனைவி ஃபௌசியா ஏ. குரூப் தடையில்லை என்றாலும், இரண்டு பிரசவத்துக்குப் பிறகு அவள் உடம்பு அவருடையதை ஏற்காது என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. மூன்றாவது ஜோடி ஸ்ரீனிவாஸும் அவன் அக்காவும், தெலுங்குக்காரர்கள். அக்கா ஓ, அவன் பி. சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். சுமதியினுடையது ஃபௌசியாவுக்கு, யூசுப்பினுடையது ஸ்ரீனிவாஸின் அக்காவுக்கு, ஸ்ரீனிவாஸினுடையது பத்ரிக்கு.

ஃபௌசியா சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நான் யாருன்னே தெரியாது," என்றாள்.

"இப்போ தெரிஞ்சுண்டாச்சே," என்றாள் சுமதி.

அறுவை சிகிச்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஸ்ரீனிவாஸ் போன் எடுப்பதை நிறுத்தினான். ஸ்மிதா இரண்டு நாள் முயன்றுவிட்டு, கட்டாயப்படுத்த முடியாது, அவன் விலகினால் சுற்றே இல்லை என்றாள். யூசுப் ஒரு நாளில் நாலு முறை சுமதியைக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும், "ஒண்ணுமில்லைங்க, சும்மாதான்," என்று வைத்துவிட்டார்.

சுமதி சனத்நகரில் ரயிலைவிட்டு இறங்கினாள். பட்டறைகளின் வரிசையில் விசாரித்துக்கொண்டே போய், சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கண்டுபிடித்தாள். வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"திட்ட வரலை," என்று தெலுங்கில் சொன்னாள். "பயமா இருக்கான்னு கேக்கத்தான் வந்தேன். எனக்கும் பயம்தான்."

அவன் வெகுநேரம் கைகளைத் துணியில் துடைத்தான். வெட்டிக்கொள்ளப் பயமில்லை என்றான். அக்காவுக்குக் கொடுப்பதாக ஒரு வருடமாக மனதில் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறான். அது அக்காவுக்குள் போவதும் அக்கா எழுந்து நடப்பதும் கனவில்கூட வந்திருக்கிறது. இப்போது கனவில் அது எங்கே போகிறது என்றே தெரியவில்லை. இருட்டுக்குள் எறிகிற மாதிரி இருக்கிறது. "குழு முன்னால நான் வந்த அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் வரலை. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது."

"நாளைக்கு டயாலிசிஸ் இருக்கு. வந்து பாரேன். பார்த்துட்டு வேண்டாம்னா வேண்டாம்."

வந்தான். பத்ரியின் படுக்கையருகே ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்தான். பத்ரி அவன் கையைத்தான் பார்த்தான்.

"லேத்தா?"

"ஹவ் சார்," என்று தலையாட்டினான்.

"கட்டை விரல்ல அந்த வெட்டு?"

"இரும்புச் சுருள் பறந்து வந்து பட்டது."

"எத்தனை மைக்ரான்ல வேலை செய்யறே?"

அதன்பிறகு ஒரு மணி நேரம் இரண்டு பேரும் இந்தியும் தெலுங்குமாகப் பேசிக்கொண்டார்கள். எந்த எஃகு எந்தச் சூட்டில் வளையும், எந்தப் பரிசோதகன் எதைக் கண்டுகொள்ளாமல் விடுவான், மழைக்காலத்தில் அளவு ஏன் தப்பும். இயந்திரத்தில் பத்ரியின் ரத்தம் மெல்லச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஸ்ரீனிவாஸ் நடுநடுவே அந்தக் குழாய்களைப் பார்த்தான். சுமதிக்குக் கண் செருகியது. அவர்கள் குரல் தூரத்து ஆற்றுச் சத்தம்போலக் கேட்டது. விழித்தபோது பத்ரி சொல்லிக்கொண்டிருந்தான்:

"பாரு தம்பி, உன் உடம்பு. வேண்டாம்னா இப்போ என் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லிட்டுப் போ. எனக்குக் கோபம் வராது. போன் எடுக்காம மட்டும் இருக்காதே, அங்க இன்னும் ரெண்டு பேர் காத்துண்டிருக்கா."

ஸ்ரீனிவாஸ் எழுந்தான். பத்ரியின் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தான், அளவெடுப்பவன்போல. "வர்றேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்று மதியம் ஸ்மிதாவின் போனை எடுத்தான்.

நவம்பரில் ஒரு காலை ஆறு அறைகளில் ஆறு பேர். ரஷ்மி வாசலில் நின்று, "அம்மா, ஐ வில் பி ரைட் ஹியர், ஓகே?" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "இங்கயே இருப்பேம்மா," என்று தமிழில் சொன்னாள். தள்ளுவண்டி நகர்ந்தது. மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மருந்து ஏறும்போது பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். எட்டுக்குப் பிறகு எண்கள் புள்ளிகளாயின. ஒரு பெரிய வெளியில், எல்லாப் புள்ளிகளிலும் இருந்தவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். யார் பச்சை, யார் சாம்பல் என்று தெரியவில்லை. வெளிச்சம் ஒரே மாதிரி எல்லார்மேலும் விழுந்திருந்தது. பக்கவாட்டில் ஏதோ லேசாகப் பிரிந்து போவதுபோல இருந்தது. வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளை நடக்கச் சொன்னார்கள். விலாவைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு, தடுப்புக் கண்ணாடி வரை போனாள். அந்தப் பக்கம் பத்ரி படுத்திருந்தான். முகத்தில் அந்த மண் நிறம் போய் வேறு நிறம் வந்திருந்தது. அவளைப் பார்த்து, பக்கத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பெருமையாகச் சுட்டிக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, தையல் வலித்தது, அழுகையும் வந்தது. அடுத்த அறையில் ஃபௌசியா தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்ரீனிவாஸின் அக்காவுக்கு மட்டும் உடம்பு சற்று முரண்டு பிடித்தது. இரண்டு வாரம் கூடுதலாக வைத்திருந்து அனுப்பினார்கள்.

தாரிணி பார்க்க வந்தபோது சுமதி கேட்டாள்: "விட்டுப்போனவாளுக்கு முதல்லன்னு நான் சொன்னது, எனக்குள்ள எங்கயோ எனக்காகத்தான் சொன்னேனா? ஒரு வருஷத்துக்கு மேலா விட்டுப்போயிருந்தது நாங்கதானே. அதனாலதான் எங்களுக்கு வந்துதா?"

"இருக்கலாம்," என்றாள் தாரிணி. "தெரியாதுங்க்கா. யார் எந்தப் புள்ளின்னு இப்பவும் எனக்குத் தெரியாது. ஆனா அந்த நோட்டை நான் முழுசாப் படிச்சேன். எட்டு வருஷமா எழுதியிருக்கீங்க. எழுத ஆரம்பிச்சப்போ உங்க வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லை."

"இந்தத் தடவை யாரோ வெளில நின்னிருப்பா."

"நின்னிருக்காங்க. அடுத்த தடவை கணக்குல அவங்க எடை கூடியிருக்கும். ஜனவரில மறுபடி ஓட்டறோம்."

அந்தப் பதில் சுமதிக்குப் போதவில்லை. வேறு பதில் இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். பிப்ரவரியில் ஒரு நாள் பத்ரியின் மாதாந்தரப் பரிசோதனைக்காக இருவரும் செகந்திராபாத் போனார்கள். அவன் ரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்தான். வரிசையில் சுமதிக்குப் பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் சாய்ந்து அவள் கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தூக்கத்தைச் சுமதிக்குத் தெரியும்.

"உங்க வீட்டுக்காரருக்கு யார் கொடுத்தாங்க?" என்று அந்தப் பெண் தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள்.

"நான் அவருக்குக் கொடுக்கலை. எனக்குப் பொருந்தலை. நான் வேற ஒருத்தருக்குக் கொடுத்தேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. தனக்கும் பொருந்தவில்லை என்று டாக்டர் சொன்னதாகவும், அதோடு அந்த வழி அடைத்துவிட்டதாகவும்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சித்திப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். பட்டியல் என்று ஒன்று இருப்பதையே யாரும் அவளிடம் சொல்லவில்லை.

சுமதி கைப்பையில் பேனாவைத் தேடினாள். அந்தப் பெண்ணின் ஃபைலை வாங்கி, பின்னட்டையில் ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. அம்பு போட்டுக்கொண்டே தெலுங்கில் சொல்லிக்கொண்டு போனாள். அந்தப் பெண் ஒவ்வொரு அம்பையும் விரலால் தொடர்ந்தாள். கணவன் கண் விழித்து, என்ன ஏது என்று கேட்காமல் அவனும் பார்த்தான்.

பத்ரி வெளியே வந்தபோது, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, "போலாமா? பதினொண்ணேகால் ரயிலைப் பிடிச்சுடலாம்," என்றான்.

"நீங்க கான்டீன்ல உக்காருங்கோ. இட்லி சாப்பிடுங்கோ. நான் இவாளை மாடிக்குக் கூட்டிண்டு போய் ஸ்மிதாகிட்ட விட்டுட்டு வரேன்."

"ரயில்?"

"அடுத்தது வரும்."

அந்தப் பெண் கணவனைக் கைபிடித்துத் தூக்கி நிறுத்தினாள். லிஃப்டில் கூட்டமாக இருந்தது. மாடிப்படியில் போகலாமா என்று சுமதி அவனைக் கேட்டாள், போகலாம் என்றான். ஒவ்வொரு படியிலும் அவன் மூச்சு வாங்க நின்றான். அவன் நின்றபோதெல்லாம் அவர்களும் நின்றார்கள்.